அவர்கள் நூறாண்டுக்கு முன்பே பேசிவிட்டார்கள்

(வாசிப்பு வட்டக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சென்ற ஜனவரியில் சாவித்திரிபாய் பூலே பிறந்தநாள் கூட்டத்தை இதே அரங்கில் நடத்தினோம். கேள்வி நேரத்தில் ஒரு கல்லூரி மாணவி எழுந்து, "முஸ்லிம் பெண்களில் இப்படி யாரும் இல்லையா?" என்று கேட்டார். மேடையில் இருந்த நான் யோசிக்கவே இல்லை. "ஏன் இல்லை? பாத்திமா ஷேக் இருக்கிறாரே!" என்றேன். கைதட்டினார்கள். கூட்டம் முடிந்தது. வீட்டுக்குப் போகிற வழியில்தான் உறுத்தத் தொடங்கியது. அந்தப் பெண் ஒரு வரலாற்றைக் கேட்டார். நான் ஒரு பெயரைக் கொடுத்து அனுப்பிவிட்டேன். இன்றைய பேச்சு அவருக்கு நான் பட்ட கடன்.

பாத்திமா ஷேக்கைப் பற்றி முதலில் ஒரு வார்த்தை. 1856 அக்டோபரில், உடல்நலமில்லாமல் தாய்வீட்டில் இருந்த சாவித்திரிபாய், ஜோதிராவுக்கு ஒரு கடிதம் எழுதுகிறார். பாத்திமாவுக்கு வேலைச் சுமை கூடியிருக்கும், ஆனாலும் அவர் முணுமுணுக்க மாட்டார் என்ற பொருளில் அதில் ஒரு வரி வருகிறது. இன்று அவரைச் சுற்றிச் சொல்லப்படும் பல செய்திகளுக்கு அந்த ஒரு வரியளவுக்கு உறுதியான சான்று கிடையாது. அதற்காக அவரை இல்லையென்று சொல்பவர்களோடு நாம் சேர வேண்டியதில்லை. முணுமுணுக்காமல் சுமந்த ஒரு பெண்ணுக்கு வரலாறு கொடுத்த இடம் ஒரு வரிதான் என்பதே நமக்குப் பாடம். ஆனால் அவருக்குப் பின்னால் வந்த முஸ்லிம் பெண்கள் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். பத்திரிகை நடத்தினார்கள், பள்ளி கட்டினார்கள், நீதிமன்றம் ஏறினார்கள். அவர்களையும் நாம் ஒற்றைப் பெயருக்குள் அடக்கினால் அது நம்முடைய குற்றம்.

ஒரு சம்பவத்திலிருந்து தொடங்குகிறேன். பீகாரில் கியூல் என்று ஒரு ரயில் சந்திப்பு இருக்கிறது. ஒரு பெண்மணி பாகல்பூரிலிருந்து பாட்னாவுக்குப் போக அங்கே வண்டி மாறுகிறார். கூட ஒரு வேலைக்காரப் பெண் மட்டும். மேலே போர்த்திய பர்தா காலில் சிக்கி, நடைமேடைக்கும் வண்டிக்கும் இடையில் தண்டவாளத்தில் விழுந்துவிடுகிறார். சுமை தூக்குபவர்கள் ஓடி வருகிறார்கள். அந்த வேலைக்காரப் பெண் கத்தித் தடுக்கிறாள்: "யாரும் என் பீபி சாகிபாவைத் தொடாதீர்கள்!" அவளால் தனியாகத் தூக்க முடியவில்லை. வண்டி அரை மணி நேரம் காத்திருக்கிறது. பிறகு புறப்படுகிறது. அந்தப் பெண்மணி நசுங்கி, பல மணி நேரம் துடித்து இறந்தார்.

இதை எழுதியவர் ரொக்கேயா சகாவத் ஹுசைன். இறந்தவர் அவருடைய கணவர் வழி உறவுக்காரர். 1931இல் வந்த 'அவரோதவாசினி' என்ற வங்காள மொழி நூலில் இதைப்போல 47 சம்பவங்களை ரொக்கேயா தொகுத்தார். அடைபட்டுக் கிடப்பவள் என்பது அந்தத் தலைப்பின் பொருள். சிரிக்க வைத்துக்கொண்டே போய்ச் சட்டென்று தொண்டையை அடைக்க வைக்கும் புத்தகம் அது. அந்தக் கியூல் நடைமேடையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அங்கே நின்ற வேலைக்காரப் பெண்ணையும் நினைவில் வையுங்கள். அவளிடம் திரும்பி வருவேன்.

ரொக்கேயா 1880இல் வங்காளத்தின் ரங்க்பூர் மாவட்டத்தில், பைராபந்து என்ற ஊரில் ஜமீன் குடும்பத்தில் பிறந்தார். ஐந்து வயதிலிருந்து, ஆண்களிடமிருந்து மட்டுமல்லாமல், வீட்டுக்கு வரும் வெளிப் பெண்களிடமிருந்தும் அவர் ஒளிந்துகொள்ள வேண்டியிருந்தது. அந்த வீட்டில் அரபு, பாரசீகம், உருது எல்லாம் கௌரவமான மொழிகள். வங்காளம்? அது உழுகிறவர்களின் மொழி, கீழானவர்களின் மொழி. பெண் பிள்ளைக்கு அது ஆகாது. அக்கா கரீமுன்னிசா முற்றத்து மண்ணில் குச்சியால் எழுதிப் பார்த்து வங்காளம் கற்றார். விஷயம் உறவுக்காரர்களுக்குத் தெரிந்தது. பதினைந்து வயது நிறைவதற்குள் அவருக்குக் கல்யாணம் முடித்துவிட்டார்கள். அந்த அக்காதான் ரொக்கேயாவுக்கு வங்காளம் சொல்லிக் கொடுத்தார். அண்ணன் இப்ராகிம் சாபர், வீடு உறங்கிய பிறகு விளக்கு வெளிச்சத்தில் ஆங்கிலம் சொல்லிக் கொடுத்தார். ஆக ஒரு சிறுமி படித்ததே திருட்டுத்தனமாகத்தான்.

1905இல் அவர் ஆங்கிலத்தில் எழுதிய 'சுல்தானாவின் கனவு' வெளிவந்தது. ஆண்கள் எல்லோரும் வீட்டுக்குள் அடைபட்டுக் கிடக்க, பெண்கள் அறிவியலைக் கொண்டு நாட்டை ஆளும் கதை. சூரிய வெப்பத்தைச் சேமிக்கிறார்கள், மேகத்திலிருந்து நீரை இறக்குகிறார்கள், போரே இல்லாமல் இருக்கிறார்கள். நின்றபடியே முழுவதையும் படித்து முடித்த கணவர் சகாவத் ஹுசைன், பயங்கரமாகப் பழிவாங்கிவிட்டாய் என்றாராம். இந்தக் கதை முதலில் எங்கே அச்சானது தெரியுமா? நம் சென்னையில். கமலா சத்தியநாதன் நடத்திய 'இந்தியன் லேடீஸ் மேகசின்' இதழில். நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன் இந்த ஊர் அச்சு எந்திரத்தில் ஓடிய ஒரு முஸ்லிம் பெண்ணின் எழுத்தை நாம் எத்தனை பேர் படித்திருக்கிறோம்?

1909இல் கணவர் இறந்தார். பெண்கள் பள்ளிக்கென்று பத்தாயிரம் ரூபாய் ஒதுக்கி வைத்திருந்தார். அதே ஆண்டு பாகல்பூரில் ஐந்து மாணவிகளோடு பள்ளி தொடங்கினார் ரொக்கேயா. கணவர் குடும்பத்தினரின் தொல்லையால் அங்கே நிலைக்க முடியவில்லை. 1911 மார்ச்சில் கல்கத்தாவில் எட்டு மாணவிகளோடு மறுபடியும் தொடங்கினார். வீடு வீடாகப் போய்ப் பெற்றோரிடம் மன்றாடினார். பர்தாவுக்குக் குறை வராமல் அழைத்துப் போய்த் திருப்பி விடுகிறேன் என்று வாக்குக் கொடுத்தார். வண்டி வாங்கினார். காற்றுப் புகாத இருட்டுப் பெட்டி அது. உள்ளே பிள்ளைகள் வாந்தியெடுத்தார்கள், மயங்கி விழுந்தார்கள். சரியென்று சன்னலைத் திறந்து திரை தொங்கவிட்டார். உடனே கடிதங்கள் வந்தன: காற்றில் திரை பறக்கிறது, வண்டி பர்தாவை மீறுகிறது, சரிசெய்யாவிட்டால் உருதுப் பத்திரிகைகளில் எழுதிப் பிள்ளைகள் வரவை நிறுத்திவிடுவோம் என்று! காற்று போனால் பிள்ளை மயங்குகிறாள். காற்று வந்தால் மார்க்கம் போகிறது. இதற்கு நடுவில் இருபத்தோரு ஆண்டுகள் பள்ளி நடத்தினார் அந்தப் பெண்மணி.

தோழர்களே, இங்கே ஒரு செய்தியைக் கவனிக்க வேண்டும். அடைத்து வைப்பதை அவ்வளவு வெறுத்தவர் ரொக்கேயா. ஆனால் எந்தச் சிறுமியிடமும் "பர்தாவைக் கழற்றிவிட்டு வா, அப்புறம் பாடம்" என்று சொல்லவில்லை. திரையோடு வந்தாலும் பிள்ளை வகுப்புக்குள் வரட்டும் என்றார். அவரே புர்கா அணிந்துதான் வெளியே போனார். 2022இல் கர்நாடகத்தில் என்ன நடந்தது? தலையில் துணி இருக்கிறது என்று சொல்லிக் கல்லூரி வாசலை மூடினார்கள். மூடியவர்கள் பேசியது பெண் விடுதலை, சமத்துவம், சீருடை. பெண் கல்வியில் அக்கறை உள்ளவர் வண்டிக்குத் திரை போட்டாவது அழைத்து வருவார். அக்கறை இல்லாதவர் துணியைக் காரணம் காட்டிக் கதவை மூடுவார். இந்த வேறுபாடு நமக்குக் குழம்பக் கூடாது.

அதே நேரத்தில், ரொக்கேயாவை மென்மையான சீர்திருத்தவாதியாகவும் நினைத்துவிடாதீர்கள். 1904இல் எழுதிய ஒரு கட்டுரையில், பெண்களை இருட்டில் வைக்க ஆண்கள் எழுதிய நூல்களே கடவுளின் கட்டளைகளாகச் சொல்லப்படுகின்றன என்று வாதிட்டார். பெண்கள் அணியும் நகைகளை அடிமைச் சின்னங்கள் என்றார். எதிர்ப்பு கிளம்பியது. பின்னர் அந்தக் கட்டுரை 'மோதிசூர்' தொகுப்பில் சேர்ந்தபோது மத நூல்களைப் பற்றிய பத்திகள் காணாமல் போயின. பெரியாரைப் படித்து வளர்ந்த நமக்கு இந்தக் குரல் அந்நியமாக இருக்காது. ஆனால் அவர் இறுதிவரை இறை நம்பிக்கையோடுதான் இருந்தார். பொருள் தெரியாமல் கிளிப்பிள்ளைபோல ஓதாதே, புரிந்து படி, உனக்கு அங்கே கொடுத்திருக்கும் உரிமையைக் கேள் என்றார். அவரை நாத்திகர் என்று நாமும், மார்க்க அறிஞர் என்று மற்றவர்களும் பங்கு போட வேண்டியதில்லை.

அவர் தனியாளும் இல்லை. ரொக்கேயா பிறப்பதற்கு ஏழு ஆண்டுகளுக்கு முன்பே, 1873இல், குமில்லாவில் பெண்களுக்குப் பள்ளி தொடங்கினார் பைசுன்னிசா சௌதுராணி. லாகூரில் 1898இல் முகம்மதி பேகம் ஆசிரியராக இருந்து 'தஹ்ஸீபே நிஸ்வான்' என்ற பெண்கள் வார இதழைக் கொண்டுவந்தார். அவருடைய கணவர் மும்தாஜ் அலி, பெண்களின் உரிமைகள் பற்றி ஒரு நூல் எழுதினார். கையெழுத்துப் படியைக் கொண்டுபோய் அலிகர் இயக்கத்தின் தலைவர் சர் சையத் அகமது கானிடம் காட்டினார். படித்துக்கொண்டே வந்த அந்தப் பெரியவர் கோபத்தில் கிழித்துக் குப்பைக் கூடையில் போட்டுவிட்டார் என்று மும்தாஜ் அலி சொல்லியிருக்கிறார். மேற்கத்தியக் கல்வியை முஸ்லிம் ஆண்களுக்குக் கொண்டுவரப் போராடியவர் அவர். பெண்கள்? முதலில் ஆண்கள் படிக்கட்டும், பிறகு பார்க்கலாம். "முதலில் நாடு விடுதலை அடையட்டும், சாதியைப் பிறகு பார்க்கலாம்" என்று அம்பேத்கரிடமும் பெரியாரிடமும் சொன்னவர்களின் குரல்தானே இது?

1918இல் லாகூரில் கூடிய அகில இந்திய முஸ்லிம் பெண்கள் மாநாட்டில், ஜஹானாரா ஷா நவாஸ் பலதார மணத்துக்கு எதிராகத் தீர்மானம் கொண்டுவந்தார். ஊரே கொதித்தது. ஆனாலும் தீர்மானம் நிறைவேறியது. 1930இல் முதல் வட்டமேசை மாநாட்டுக்கு லண்டன் போனபோது, தீண்டப்படாதோர் சார்பில் அம்பேத்கரும் நம் இரட்டைமலை சீனிவாசனும் இருந்தார்கள். பெண்கள் சார்பில் இருந்தவர்கள் இந்த ஜஹானாராவும் சென்னையைச் சேர்ந்த ராதாபாய் சுப்பராயனும். சட்டமன்றத்தில் பெண்களுக்குச் சில காலத்துக்காவது தனி இடம் ஒதுக்க வேண்டும் என்று இவர்கள் இருவரும் கேட்டார்கள். எதிர்த்தவர்கள் யார்? நாட்டின் பெரிய பெண்கள் அமைப்புகளே. சலுகை வேண்டாம், சமமான போட்டி போதும் என்றார்கள். இந்த வாதத்தை நாம் இன்றும் வேறு இடத்தில் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

இப்போது வெள்ளைக்காரரிடம் வருவோம். முஸ்லிம் பெண்களை விடுவித்தவர்கள் ஆங்கிலேயர்கள் என்று ஒரு கதை உண்டு. பர்தாவையும் பலதார மணத்தையும் காட்டி, இந்தியர்கள் ஆளத் தகுதியற்றவர்கள் என்று அவர்கள் எழுதிக் குவித்தார்கள். 'சுல்தானாவின் கனவு' வந்த அதே 1905இல் வங்காளத்தை இரண்டாகப் பிரித்தவர் வைசிராய் கர்சன். அவர் ஊர் திரும்பிய பிறகு எந்த அமைப்புக்குத் தலைவரானார்? இங்கிலாந்துப் பெண்களுக்கு ஓட்டுரிமை கொடுக்கக் கூடாது என்று போராடிய தேசிய அமைப்புக்கு. தன் நாட்டுப் பெண்ணுக்கு ஓட்டு வேண்டாம் என்பவரின் ஆட்சிதான் நம் பெண்களை உயர்த்த வந்ததாம்!

சட்டத்திலும் இதைப் பார்க்கலாம். இஸ்லாமியச் சட்டத்தில் மகளுக்குச் சொத்தில் பங்கு உண்டு. ஆனால் பஞ்சாபில் ஆங்கில ஆட்சி 1872ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் நில உடைமைச் சாதிகளின் வழக்கத்துக்கே முதலிடம் தந்தது. அந்த வழக்கப்படி மகளுக்கு நிலம் கிடையாது. சாதி வழக்கமும் வெள்ளைக்காரர் நீதிமன்றமும் கைகோத்து, மதம் கொடுத்த பங்கையும் பெண்ணிடமிருந்து பறித்தன. 1937இல் ஷரியத் சட்டம் வந்தபோது வழக்கத்தின் இடத்தில் மார்க்கச் சட்டம் அமர்ந்தது. பெண்கள் அமைப்புகள் அதை வரவேற்றன. ஆனால் அதில் ஒரு சின்ன விலக்கு இருந்தது: விவசாய நிலம் தவிர! ஊரில் இருக்கும் சொத்தே நிலம்தான். அதைத் தவிர்த்துவிட்டு மற்றதில் பங்கு என்றால், பானையை எடுத்துக்கொண்டு சோறு மணத்தை மட்டும் கொடுத்ததுபோல. நிலக்கிழார்களுக்காகப் பெண்கள் விட்டுக்கொடுக்கப்பட்டார்கள். நம் சென்னை மாகாணம் 1949இல் திருத்தம் செய்து அந்த விலக்கை நீக்கியது. நாம் பெருமைப்படலாம். அந்தத் திருத்தம் நம் ஊர்களில் எத்தனை மகள்களின் பெயரில் பட்டாவாக மாறியிருக்கிறது என்று கேட்காதவரை அந்தப் பெருமை அரைகுறைதான்.

இன்னொரு சட்டம், 1939ஆம் ஆண்டு முஸ்லிம் திருமண முறிவுச் சட்டம். கணவன் நான்கு ஆண்டுகள் காணாமல் போனால், இரண்டு ஆண்டுகள் சோறு போடாவிட்டால், கொடுமைப்படுத்தினால், மனைவி நீதிமன்றம் போய் மணவிலக்குப் பெறலாம் என்று சொல்லும் சட்டம். இது எப்படி வந்தது? அதற்கு முன் நீதிமன்றங்கள் பின்பற்றிய ஹனபி முறையில், கைவிடப்பட்ட பெண்ணுக்கு வெளியே வர அநேகமாக வழியே இல்லை. பஞ்சாபில் பெண்கள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். நீதிமன்றத்துக்குப் போய், "நான் இஸ்லாத்தை விட்டுவிட்டேன்" என்று சொன்னார்கள். மதம் மாறினால் திருமணம் தானாக முறிந்துவிடும். கவிஞர் இக்பால் தம் சொற்பொழிவுகளில் இதை வேதனையோடு குறிப்பிடுகிறார். உலமாக்கள் அதிர்ந்துபோய், மாலிகி முறையிலிருந்து வழிகளைத் தேடி எடுத்தார்கள். அதிலிருந்துதான் சட்டம் பிறந்தது. அந்தப் பெண்கள் யாரும் பத்திரிகை நடத்தவில்லை, மாநாடு கூட்டவில்லை. அவர்கள் பெயர்கள் வழக்குக் கட்டுகளில் கிடக்கின்றன. ஆனால் ஒரு சமூகத்தின் சட்டத்தை அசைத்தவர்கள் அவர்கள். சீர்திருத்தம் என்றால் படித்த பேகம்கள் செய்தது மட்டும் என்று நினைத்தால் இவர்களை இழந்துவிடுவோம்.

அரசும் மதத் தலைவர்களும் ஒன்றாக நின்ற இடமும் உண்டு. 1932இல் லக்னோவிலிருந்து 'அங்காரே' என்ற உருதுத் தொகுப்பு வந்தது. எழுதிய நால்வரில் ஒரே பெண் ரஷீத் ஜஹான். மருத்துவர். அலிகரில் பெண்கள் பள்ளியை உருவாக்கிய ஷேக் அப்துல்லா, வஹீத் ஜஹான் தம்பதியின் மகள். அதில் அவருடைய ஒரு கதையில், புர்கா அணிந்த மனைவியை டெல்லி ரயில் நிலையத்தில் மூட்டை முடிச்சுகளோடு உட்கார வைத்துவிட்டு, கணவன் நண்பனோடு போய்விடுகிறான். அவளுக்கு டெல்லி என்றால் அந்த நடைமேடைதான். கியூல் நடைமேடை நினைவுக்கு வருகிறதா? மூக்கை அறுப்போம் என்று ரஷீத் ஜஹானை மிரட்டினார்கள். 1933 மார்ச்சில் ஐக்கிய மாகாண அரசு 295அ பிரிவின் கீழ் நூலைத் தடை செய்தது. நாகரிகம் கற்றுக்கொடுக்க வந்தவர்கள், ஒரு முஸ்லிம் பெண் உண்மையைச் சொன்னபோது புத்தகத்தைக் கொளுத்துபவர்கள் பக்கம் நின்றார்கள்.

ஆக இரண்டு சுவர்களைப் பார்த்தோம். ஒன்று வீட்டு ஆண்கள் எழுப்பியது, மற்றொன்று ஆட்சி எழுப்பியது. மூன்றாவது சுவர் ஒன்று இருக்கிறது. சாதி ஒழிப்பு இயக்கத்தில் இருக்கும் நாம் அதைப் பேசாவிட்டால் வேறு யாரும் பேச மாட்டார்கள்.

இப்போது அந்த வேலைக்காரப் பெண்ணிடம் வருவோம். கியூல் நடைமேடையில் அத்தனை ஆண்களுக்கு நடுவே நின்று கத்தினாளே, அவளுக்குப் பர்தா கிடையாதா? அவள் மானத்தை யார் காத்தார்கள்? பீபியின் பர்தாவைக் காப்பதுதான் அவளுடைய வேலை. தண்ணீர் கொண்டுவர, கடைக்குப் போக, பல்லக்குத் தூக்க, மலம் அள்ள வெளியே நிற்கும் மனிதர்கள் இருந்தால்தான் ஒரு பெண்ணை உள்ளேயே வைத்திருக்க முடியும். அடைத்து வைப்பது அந்தஸ்தின் அடையாளம். நம் பக்கத்திலும் இதுதான். திருவிதாங்கூரில் ஒரு சாதிப் பெண்களுக்கு மேலாடை கௌரவம். சாணார் பெண்களுக்கு அதே மேலாடை குற்றம். 1859இல் அரசாணை வரும்வரை அடிவாங்கிப் போராட வேண்டியிருந்தது. யாரை மூட வேண்டும், யாரைத் திறந்து வைக்க வேண்டும் என்று முடிவு செய்தது சாதிதான்.

இஸ்லாத்தில் சாதி இல்லை என்பது மார்க்கம். இந்திய முஸ்லிம்களிடம் சாதி உண்டு என்பது நடைமுறை. அண்ணல் அம்பேத்கர் பாகிஸ்தான் பற்றிய தம் நூலில், 1901ஆம் ஆண்டு வங்காள மக்கள்தொகைக் கணக்கெடுப்பை எடுத்துக் காட்டுகிறார். அஷ்ராப் என்ற மேலோர், அஜ்லாப் என்ற கீழோர், அர்சால் என்ற கடைநிலையினர். அர்சால்கள் பள்ளிவாசலுக்குள் வரவும் பொது அடக்கத்தலத்தைப் பயன்படுத்தவும் தடை இருந்ததாக அதில் பதிவாகியிருக்கிறது. அஷ்ராப்கள் ஏரைத் தொடுவதையே இழிவாகக் கருதினார்கள் என்றும் இருக்கிறது. அதே அம்பேத்கர் 1916 மே மாதம் கொலம்பியாவில் படித்த கட்டுரையில், அகமணம்தான் சாதியின் உயிர், அதைக் காக்கத்தான் பெண்ணை எரித்தார்கள், விதவையாக முடக்கினார்கள், குழந்தையிலேயே மணம் முடித்தார்கள் என்று காட்டினார். அந்த ஆண்டுதான் கல்கத்தாவில் ரொக்கேயா முஸ்லிம் பெண்கள் சங்கத்தைத் தொடங்கினார். ஒருவரை ஒருவர் அறியாத இரண்டு பேர், ஒரே பூட்டை இரண்டு பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இந்த வெளிச்சத்தில் ரொக்கேயாவின் மொழிப் போராட்டத்தைப் பாருங்கள். கல்கத்தாவின் மேட்டுக்குடி முஸ்லிம்கள் உருது பேசினார்கள். அவருடைய பள்ளியும் உருதில்தான் நடந்தது. வங்காளப் பிரிவு தொடங்கினார். பிள்ளைகள் சேரவில்லை, மூட வேண்டியதாயிற்று. விடாமல் மீண்டும் தொடங்கினார். ஏன் இந்தப் பிடிவாதம்? வங்காள முஸ்லிம்களில் மிகப் பெரும்பாலோர் உழவர்கள், நெசவாளர்கள், படகோட்டிகள். அவர்கள் பேச்சு வங்காளம். அந்த மொழியில் பாடம் இல்லையென்றால் அவர்கள் மகள்களுக்குப் பள்ளி இல்லை. உழவரின் துயரம் பற்றித் தனியே ஒரு கட்டுரை எழுதினார். நெல்லும் சணலும் விளைவிக்கிறவன் பட்டினி கிடப்பதையும், ரங்க்பூர்ப் பெண்கள் நூற்ற எண்டிப் பட்டுத் தொழில் அழிந்ததையும் அதில் பேசினார். அவருடைய சங்கத்துப் பெண்கள் கல்கத்தாவின் குடிசைப் பகுதிகளுக்குப் போய் எழுத்தும் சுகாதாரமும் சொல்லிக் கொடுத்தார்கள். ஏரைத் தொடாத வீட்டில் பிறந்த ஒரு பெண் இந்தத் தூரம் நடந்து வந்தது சிறிய செய்தி இல்லை.

ஆனாலும் பாதி வழிதான். பள்ளி பெரும்பாலும் மேட்டுக்குடிப் பிள்ளைகளுக்கே எட்டியது. லாகூர், அலிகர் மாநாடுகளில் பேசியவர்களும் பேகம்கள்தான். ஏழைப் பெண் அவர்கள் பேச்சில் இரக்கத்துக்குரியவளாக வந்தாள். பக்கத்து இருக்கையில் அமர்பவளாக வரவில்லை. 1920களில் அதே கல்கத்தாவில் நெசவாளர்களைத் திரட்டி ஆசிம் பிகாரி மோமின் இயக்கத்தைக் கட்டிக்கொண்டிருந்தார். பிறப்பின் பெருமைக்கு எதிரான அந்த இயக்கத்தையும், அடைப்புக்கு எதிரான ரொக்கேயாவின் இயக்கத்தையும் நாம் ஒரே கதையாகப் படித்ததே இல்லை. தறிக்காரன் வீட்டுப் பெண் இரண்டு இயக்கங்களுக்கும் நடுவில் நிற்கிறாள். அவளிடமிருந்து தொடங்கி எழுதினால்தான் இந்த வரலாறு முழுமை பெறும்.

நம் ஊருக்கும் இது பொருந்தும். நாகூரில் சித்தி ஜுனைதா பேகம் என்று ஒருவர் இருந்தார். மூன்றாம் வகுப்போடு பள்ளி நின்றது. 1938இல் 'காதலா கடமையா' என்ற நாவலை வெளியிட்டார். உ.வே.சாமிநாதையர் அதற்கு மதிப்புரை கொடுத்தார். சுயமரியாதை இயக்கம் பெண் விடுதலையை ஊர் ஊராகப் பேசிக்கொண்டிருந்த காலம் அது. அதே காலத்தில் கடலோரத்து வீடு ஒன்றுக்குள்ளிருந்து ஒரு முஸ்லிம் பெண் நாவல் எழுதியிருக்கிறார். நம் பெண் எழுத்தாளர் பட்டியல்களில் அவர் பெயர் எத்தனையாவதாக வருகிறது? பட்டியலில் வருகிறதா? இங்கேயும் மரைக்காயர், ராவுத்தர், லெப்பை என்று பிரிவுகள் இருக்கின்றன. முடிதிருத்தும் தொழில் செய்த குடும்பங்களோடு சம்பந்தம் வைக்கத் தயங்குகிறவர்கள் இருக்கிறார்கள். தோப்பில் முகம்மது மீரான் போன்றவர்கள் கடலோர ஊர்களின் மேல் கீழ்களைக் கதையாக எழுதிக் காட்டியிருக்கிறார்கள். இதைச் சொன்னால் எதிரிக்கு ஆயுதம் கொடுத்ததாகும் என்று சில தோழர்கள் அஞ்சுகிறார்கள். அந்த அச்சம் எனக்குப் புரிகிறது. ரொக்கேயாவுக்கும் அது இருந்திருக்கும். வெள்ளைக்காரர் கையில் ஆயுதமாகும் என்று தெரிந்துதான் அவரோதவாசினியை எழுதினார். எதிரி பயன்படுத்துவான் என்று அந்தப் பெண்ணைத் தண்டவாளத்திலேயே விட்டுவிட முடியுமா?

நான் முஸ்லிம் இல்லை. வெளியிலிருந்து பேசுகிறேன் என்பது எனக்குத் தெரியும். அதனால் முஸ்லிம் பெண்கள் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லி முடிக்க மாட்டேன். நாம் என்ன செய்யலாம் என்று இரண்டு செய்திகள் சொல்கிறேன்.

ஒன்று, முஸ்லிம் சகோதரிகளைக் காப்பாற்றப் புறப்பட்டிருப்பவர்களை இந்த வரலாற்றை வைத்துக் கேள்வி கேட்போம். அவளுடைய அண்ணனை மாட்டின் பெயரால் அடித்துக் கொல்கிறவர்கள், அவளுடைய வீட்டை இடிக்கிறவர்கள், அவளுக்கு மட்டும் விடுதலை தருவோம் என்கிறார்கள். கர்சன் பேசியதும் இதையேதான். அவளுக்குப் பேச நாம் நாக்கு கொடுக்க வேண்டியதில்லை. அவள் 1905இலேயே பேசிவிட்டாள்.

இரண்டு, நம் மேடையைத் திருத்துவோம். முத்தலாக் பிரச்சினை வந்தால், ஹிஜாப் பிரச்சினை வந்தால் மட்டும் ஒரு முஸ்லிம் பெண்ணைப் பேசக் கூப்பிடுகிறோம். நிலம் பற்றி, கூலி பற்றி, பீடித் தொழில் பற்றி, இட ஒதுக்கீடு பற்றி, சாதி பற்றிப் பேச அவரைக் கூப்பிடுவதில்லை. வந்தாலும் வீட்டுப் பெரியவர்கள் அனுமதித்த படித்த பெண் வருகிறார். பீடி சுற்றுகிற பெண் வருவதில்லை. கியூல் நடைமேடையில் நின்ற அந்த வேலைக்காரப் பெண்ணின் பெயரை ரொக்கேயாவே எழுதவில்லை. பெயர் இல்லாத அவளுடைய பேத்திகள் இந்த ஊரில்தான் இருக்கிறார்கள். அவர்கள் இந்த மேடையில் ஏறிப் பேசும் நாளில் நான் கீழே உட்கார்ந்து கேட்க விரும்புகிறேன்.

அன்று கேள்வி கேட்ட மாணவி இன்று கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கிறேன். தோழர், உங்கள் கேள்விக்கு நான் சொன்ன பதிலை இன்று திருத்திக்கொள்கிறேன். இருந்தார்கள். நிறையப் பேர் இருந்தார்கள். எழுதியும் வைத்தார்கள். படிக்காமல் விட்டவர்கள் நாங்கள்.